பூச்சி டீச்சர் பதில்கள்: பூக்குளவிகளுக்கு எத்தனை குடும்பம்?

சென்ற இதழில் துளசிப் பூவில் வந்து உட்காரும் மஞ்சள் பட்டைக் குளவியைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். புழுப் பருவத்தில் மண்ணுக்குள் இன்னொரு பூச்சியைத் தின்று வளர்ந்து, இறக்கை வந்ததும் தேனுக்காகப் பூவைத் தேடும் குளவி, அதாவது பூக்குளவி, என்று சொல்லியிருந்தேன். அதைத் தொட்டு வந்த கடிதங்களுக்கே இந்த மாதப் பக்கம் சரியாகப் போய்விட்டது.

மெல்போர்னில் மகள் வீட்டுக்கு வந்திருக்கிறேன். தோட்டத்தில் மயில்கழுத்து நிறத்தில், சிவப்புக் கால்களோடு ஒரு பெரிய எறும்பு தனியாக ஓடித் திரிகிறது. பேரன் அதைப் பிடிக்க ஓடுகிறான், மகள் அலறுகிறாள். என்ன எறும்பு அம்மா இது?
— தஞ்சாவூர் வாசகி, இப்போது மெல்போர்னில்

மகள் அலறுவது நியாயம்தான். பேரனைத் தடுத்துவிடுங்கள். அது எறும்பே இல்லை, குளவி. அங்கே எல்லோரும் 'நீல எறும்பு' என்றுதான் சொல்வார்கள். அறிவியல் பெயர் டயம்மா பைகலர். நீங்கள் பார்த்தது பெண். பெண்ணுக்கு இறக்கை கிடையாது, இரண்டரை சென்டிமீட்டர் வரை வளரும், கொட்டினால் நன்றாக வலிக்கும். எறும்பின் உணர்கொம்பு நடுவில் மடங்கியிருக்கும். இடுப்பில் மேடு மாதிரி ஒரு கணு தெரியும். நீங்கள் அனுப்பிய படத்தில் இரண்டுமே இல்லை.

அது தோட்டத்தில் தேடுவது பிள்ளைப்பூச்சியை. மண்ணுக்குள் புகுந்து பிள்ளைப்பூச்சியைக் கொட்டி அசையாமல் செய்து, அதன்மேல் முட்டையிடும். ஆண் பார்ப்பதற்கு வேறு பூச்சி போலவே இருக்கும்: சிறிய உருவம், கறுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளிகள், இறக்கை உண்டு. பக்கத்துப் பூச்செடிகளைக் கவனியுங்கள், கண்ணில் பட்டாலும் படும். தென்கிழக்கு ஆஸ்திரேலியாவுக்கே உரிய இனம் இது. இதன் துணைக்குடும்பத்தில் இது ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. பேரனிடம் பூதக்கண்ணாடி ஒன்றைக் கொடுத்து, தள்ளி நின்று பார்க்கச் சொல்லுங்கள்.

முதுகலை விலங்கியல் படிக்கிறேன். எங்கள் பாடநூலில் இந்தக் குளவிகள் எல்லாம் டிஃபியிடே குடும்பம் என்று இருக்கிறது. இணையத்தில் தேடினால் பாதியைத் தின்னிடே என்கிறார்கள். ஸ்கோலியிடே என்று இன்னொன்றும் வருகிறது. தேர்வில் எதை எழுதுவது, டீச்சர்?
— கல்லூரி மாணவி, மதுரை

எனக்கு வந்ததிலேயே மிகவும் பிடித்த கேள்வி இது. கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்.

இந்த மூன்று பெயர்களுக்கும் வேர் ஒரே வருடத்தில் இருக்கிறது. 1775-இல் டென்மார்க்கைச் சேர்ந்த யோஹான் ஃபப்ரீசியஸ் ஒரே நூலில் ஸ்கோலியா, டிஃபியா, தின்னஸ் என்று மூன்று பேரினங்களுக்குப் பெயர் வைத்தார். தின்னஸ் ஆஸ்திரேலியக் குளவி. கேப்டன் குக்கோடு எண்டவர் கப்பலில் போன ஜோசப் பேங்க்ஸின் குழு 1770-இல் கொண்டுவந்த பூச்சிகளில் அதுவும் இருந்தது.

சிக்கல் அப்போதே ஆரம்பித்துவிட்டது. தின்னஸ் வகைக் குளவிகளில் ஆணுக்கு நீண்ட உடம்பும் இறக்கையும் உண்டு. பெண் குட்டையாக, இறக்கையே இல்லாமல், மண் தோண்டும் கால்களோடு இருக்கும். ஊசியில் குத்தி ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்ட இரண்டையும் மேஜைமேல் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஒரே இனம் என்று யாருக்கும் தோன்றாது. ஆணுக்கு ஒரு பெயர், பெண்ணுக்கு ஒரு பெயர் என்று வைத்துக்கொண்டே போனார்கள். இணைசேர்ந்திருக்கும்போதே பிடித்தால்தான் எது யாருக்குச் சோடி என்று உறுதியாகச் சொல்ல முடியும். அதனால்தான் இந்தக் குளவிகளைச் சேகரிப்பவர்கள், சோடியாக வலையில் சிக்கியவற்றைப் பிரிக்காமல் ஒன்றாக வைப்பதில் அவ்வளவு கண்டிப்பாக இருப்பார்கள்.

அப்புறம் இருபதாம் நூற்றாண்டில் டிஃபியிடே என்ற குடும்பம் பெருத்துக்கொண்டே போனது. உன் பாடநூலில் இருப்பது அந்தப் பெருத்த டிஃபியிடேதான், ஏழு துணைக்குடும்பங்கள் கொண்டது. டிஃபியா, தின்னஸ், நீல எறும்பு, எறும்பு மாதிரி ஓடும் மெத்தோக்கா, வட அமெரிக்கப் பாலைவனங்களில் இரவில் விளக்கைத் தேடி வரும் பிராக்கிசிஸ்டிஸ் கூட்டம், எல்லாம் அதற்குள்ளே. அதற்கும் மேலே, 1975-இல் டெனிஸ் பிரதர்ஸ் என்ற ஆய்வாளர் கொடுக்குள்ள பூச்சிகளின் உடற்கூறுகளை மிகப் பொறுமையாக ஒப்பிட்டு ஒரு உறவுமுறை வரைந்தார். டிஃபியிடே, ஸ்கோலியிடே, எறும்பு, கூடுகட்டி வாழும் சாதாரணக் குளவி எல்லாமே அதில் வெஸ்பாய்டியா என்ற ஒரே மேல்குடும்பத்தில் வந்தன. மிக நல்ல உழைப்பு அது. முப்பது வருடத்துக்கு மேல் எங்களைப் போன்றவர்கள் அதை வைத்துத்தான் பாடம் நடத்தினோம்.

ஆனால் உடம்பை மட்டும் வைத்து உறவு சொல்வதில் ஒரு ஆபத்து உண்டு. ஒரே தொழில் செய்கிறவர்களுக்கு உள்ளங்கையில் ஒரே இடத்தில்தான் காய்ப்பு விழும். அதைப் பார்த்து அண்ணன் தம்பி என்று சொல்லிவிட முடியுமா? மண்ணுக்குள் புழு தேடும் பெண் குளவிக்கு இறக்கை இடைஞ்சல். முள் வைத்த தடித்த கால்தான் அதற்கு வேண்டும். இறக்கையை இழப்பது கொடுக்குள்ள பூச்சிகளின் வரலாற்றில் ஒருமுறை மட்டும் நடந்த காரியம் இல்லை, தனித்தனி வம்சங்களில் தனித்தனியாக நடந்திருக்கிறது.

2008-இல் அமெரிக்காவின் யூட்டாவில் பில்கிரிம், வான் டோலன், பிட்ஸ் மூவரும் நான்கு மரபணுக்களை வைத்து இந்தக் குடும்பங்களைச் சோதித்தார்கள். (அந்த நான்கில் ஒன்றின் பெயர் விங்லெஸ், அதாவது 'இறக்கையில்லாதது'. பழ ஈயில் முதலில் கண்டுபிடித்ததால் வந்த பெயர், நம் குளவிகளுக்காக வைத்ததில்லை.) பழைய டிஃபியிடே ஒரே தாய் வழி வந்த குடும்பம் இல்லை என்று முடிவு வந்தது. அதனால் அதைப் பிரித்தார்கள். டிஃபியாவும் பிராக்கிசிஸ்டிஸ் கூட்டமும் டிஃபியிடே என்ற பெயரோடு நின்றன. தின்னஸ், மைசினம் என்ற இன்னொரு பேரினம், மெத்தோக்கா, நீல எறும்பான டயம்மா எல்லாம் தின்னிடே என்ற தனிக் குடும்பமாயின. 2013-லும் 2017-லும் வேறு குழுக்கள் நூற்றுக்கணக்கான மரபணுப் பகுதிகளை வைத்துப் பார்த்தபோதும் பெரிய சித்திரம் மாறவில்லை. வெஸ்பாய்டியா இப்போது மிகவும் சுருங்கிவிட்டது.

என்னை அசத்தியது ஸ்கோலியிடே விஷயம். ஸ்கோலியாவும் டிஃபியாவும் வாழ்கிற வாழ்க்கை ஒன்று: இரண்டுக்கும் வண்டின் வேர்ப்புழுதான் இரை, இரண்டும் மண்ணைத் தோண்டும், இரண்டும் பூவுக்கு வரும். ஆனால் ஸ்கோலியிடே டிஃபியிடேயைவிட எறும்புக்கும் தேனீக்கும்தான் நெருங்கிய உறவு. தின்னிடேயும் டிஃபியிடேயும் சிலந்தி வேட்டையாடும் குளவிகளின் பக்கத்தில் நிற்கின்றன. 'பூக்குளவி' என்று நாம் சொல்வது ஒரு வாழ்க்கை முறையின் பெயர், வம்சத்தின் பெயர் இல்லை. ஆஸ்திரேலியர்கள் அந்தப் பெயரை மூன்று குடும்பத்துக்கும் பொதுவாகப் புழங்குகிறார்கள், புழங்கட்டும். ஆய்வேட்டில் எழுதும்போது மட்டும் எந்தக் குடும்பம் என்று சொல்லிவிட வேண்டும்.

தேர்வுக்கு வருவோம். "பழைய விரிந்த பொருளில் டிஃபியிடே, 2008-க்குப் பிறகு தின்னிடே தனிக் குடும்பம்" என்று ஒரே வரியில் இரண்டையும் எழுது. பழைய பெயரை மறந்துவிடாதே. அருங்காட்சியகப் பெட்டிகளிலும் பழைய ஆய்வேடுகளிலும் அந்தப் பெயரில்தான் எல்லாம் இருக்கிறது. மேல்குடும்பங்களின் எல்லையை ஒருவர் அகலமாகவும் இன்னொருவர் குறுகலாகவும் வரைகிறார்கள்; அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

பூக்குளவிகள் எல்லாமே வேர்ப்புழுவைத்தான் தின்னுமா?
— பள்ளி ஆசிரியர், திருச்சி

இல்லை. பெரும்பான்மைக்கு வேர்ப்புழு. டயம்மாவுக்குப் பிள்ளைப்பூச்சி என்று மேலே சொன்னேன். மெத்தோக்காவின் இரை புலி வண்டின் புழு, அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

ஆற்றோர மணலில் பென்சில் துளை மாதிரி வட்டமான சின்னக் குழிகளைப் பார்த்திருப்பீர்கள். சிலவற்றில் புலி வண்டின் புழு உட்கார்ந்திருக்கும். தட்டையான தலையால் வாசலை மூடிக்கொண்டு, முதுகில் இருக்கும் கொக்கிகளைக் குழிச்சுவரில் ஊன்றிக்கொண்டு காத்திருக்கும். எறும்பு பக்கத்தில் வந்தால் உடம்பைப் பின்பக்கமாக வளைத்து எறிந்து தாடையால் கவ்வி உள்ளே இழுத்துவிடும். பெண் மெத்தோக்கா இந்த வாயருகே தானாகவே போகிறது. புழு கவ்வுகிறது. குளவியின் நடு உடம்பு ஒடுங்கி, வழுவழுப்பாக, கெட்டியாக இருப்பதால் அந்தத் தாடைகளுக்கு நடுவே நசுங்காமல் நிற்கிறது. அந்த நேரத்தில் வயிற்றை முன்னால் வளைத்து, தலைக்குக் கீழே இருக்கும் மெல்லிய தோலில் கொட்டுகிறது. புழு தளர்ந்ததும் குழிக்குள் போய் முட்டையை ஒட்டி, மேலே வந்து மண்ணும் சிறுகல்லும் போட்டு வாசலை அடைத்துவிட்டுப் போகிறது. பெண்ணின் நீளம் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு. இந்தியாவிலும் மெத்தோக்கா இனங்கள் உண்டு. மாணவர்களை ஆற்றங்கரைக்கு அழைத்துப் போகும்போது, புலி வண்டுக் குழிகளுக்கு நடுவே கூட்டமில்லாமல் ஒற்றையாக அலையும் 'எறும்பை' உற்றுப் பார்க்கச் சொல்லுங்கள்.

எருக்குழிமேல் பெரிய கறுப்புக் குளவிகள் தாழப் பறந்து சுற்றுகின்றன. தோப்பில் காண்டாமிருக வண்டுத் தொல்லையும் இருக்கிறது. இந்தக் குளவி நல்லதா, கெட்டதா? மருந்து அடிக்கலாமா?
— தென்னை விவசாயி, பொள்ளாச்சி

அடிக்காதீர்கள் ஐயா, அது உங்கள் பக்கத்து ஆள். ஸ்கோலியா கூட்டம். தாழப் பறந்து வட்டமடிப்பவை பெரும்பாலும் ஆண்கள், மண்ணிலிருந்து வெளியே வரப்போகும் பெண்ணுக்காகச் சுற்றுகின்றன. பெண் வந்தால் எருவின்மேல் இறங்கி, உணர்கொம்பால் தட்டித் தட்டி மோப்பம் பிடித்து, தலைகீழாக உள்ளே இறங்கிவிடும்.

உடுமலைப் பக்கம் என் அண்ணன் தோப்பில் எருக்குழியைக் கிளறியபோது ஒரு வண்டுப் புழுவைக் கையில் எடுத்துப் பார்த்தேன். அந்த வெள்ளைப் புழுவை எடுத்தால் சட்டென்று சுருண்டுகொள்ளும். இது சுருளவில்லை, தொளதொளவென்று கிடந்தது. தாடை மட்டும் லேசாக அசைந்தது. வயிற்றுப் பக்கத்தைத் திருப்பினால், நட்டுவைத்தது போல் ஒற்றை முட்டை, வெள்ளையாக, நீளவாக்கில் நின்றது. இந்தப் புழுக்களுக்கு நரம்பு முடிச்சுகள் உடம்பின் அடிப்பக்கத்தில் ஒரே இடத்தில் நெருங்கி இருக்கின்றன. அந்த இடத்தில் சரியாக ஒரு கொட்டு விழுந்தால் போதும், புழு சாகாமல், நகரவும் முடியாமல் கிடக்கும். முட்டையிலிருந்து வரும் குளவிப்புழு நின்ற இடத்திலேயே துளைபோட்டு உள்ளே தலையை விட்டு, உயிருக்கு அவசியமான உறுப்புகளைக் கடைசிக்கு வைத்துக்கொண்டு தின்னும். கடைசி வரை இரை அழுகாது. அண்ணன் அந்தப் புழுவை நசுக்கப் போனார், வாங்கித் திரும்ப எருவுக்குள் புதைத்தேன்.

ஆனால் குளவியை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள். இந்த வகைக் குளவிகளை ஊர்விட்டு ஊர் கொண்டுபோன வரலாறு பெரியது. 1910-களில் ஹவாய்த் தீவின் கரும்புக்கு வந்த வேர்ப்புழுவுக்கு எதிராக, ஃபிரெடெரிக் மியூர் பிலிப்பைன்ஸிலிருந்து ஒரு ஸ்கோலியாவைக் கொண்டுபோனார், நன்றாகவே பலித்தது. அமெரிக்காவில் 1916-இல் நியூ ஜெர்சியில் தென்பட்ட ஜப்பானிய வண்டுக்கு எதிராக ஜப்பானிலிருந்தும் கொரியாவிலிருந்தும் டிஃபியா குளவிகளைக் கொண்டுவந்து விட்டார்கள், இன்றும் அங்கே இருக்கின்றன. காண்டாமிருக வண்டு விஷயத்தில் அந்த அளவுக்குப் பலன் இல்லை. ஆப்பிரிக்காவிலிருந்து ஸ்கோலியா ருஃபிகார்னிஸ் சமோவா தீவுக்குப் போனது, நிலைத்தது, ஆனால் வண்டை அடக்க முடியவில்லை. அடக்கியது ஒரு வைரஸ்: 1963-இல் அலோய்ஸ் ஹூகர் மலேசியாவில் கண்டுபிடித்தது, 1967-இல் சமோவாவில் விடப்பட்டது.

எனவே உங்கள் தோப்பில் செய்ய வேண்டியது: எருக்குழியை அடிக்கடி கிளறுங்கள், கோழிகள் புழுவைப் பொறுக்கட்டும். பட்டுப்போன தென்னைத் தடிகளை அப்புறப்படுத்துங்கள். குழியில் மெட்டாரைசியம் பூஞ்சை போடுங்கள். வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு கலந்து குருத்தை ஒட்டிய மட்டை இடுக்குகளில் வையுங்கள். குளவிக்காக ஒரே ஒரு காரியம்: வரப்போரத்துத் துளசியையும் தும்பையையும் களை என்று சுத்தமாக வழித்துவிடாதீர்கள். பக்கத்தில் தேன் கிடைக்காத இடத்தில் இந்தக் குளவி தங்காது.

வீட்டுத் துளசி மாடத்தில் வரும் குளவி குழந்தையைக் கொட்டுமா?
— இல்லத்தரசி, சேலம்

கையில் பிடித்து அமுக்கினால் பெண் கொட்டும். மற்றபடி வராது. இதற்குக் காக்க வேண்டிய கூடு இல்லை, கூட்டமாகத் துரத்தும் பழக்கமும் இல்லை. கதண்டோடு இதைச் சேர்க்காதீர்கள். ஆணின் வால்நுனியில் மூன்று முள் தெரியும், அது குத்துவதுபோல் பாவனை காட்டும், விஷம் கிடையாது. கொடுக்கு என்பதே முட்டையிடும் உறுப்பு மாறி வந்தது, ஆணுக்கு எப்படி இருக்கும்?

ஆர்க்கிட் பூ குளவியை ஏமாற்றும் என்று படித்தேன். உண்மையா?
— வங்கி ஊழியர், கோவை

உண்மை. அதில் ஏமாறுவது பெரும்பாலும் நம் தின்னிடே ஆண்கள்தான். இறக்கையில்லாத பெண் மண்ணிலிருந்து வந்து ஒரு புல்நுனியில் ஏறி மணம் விடும். ஆண் அந்த மணத்தைப் பிடித்து வந்து அவளை அப்படியே தூக்கிக்கொண்டு பறக்கும். இணைசேர்ந்தபடியே பூவுக்குக் கொண்டுபோய்த் தேன் குடிக்க வைக்கும். சில இனங்களில் ஆணே வாயிலிருந்து ஊட்டிவிடும். அப்புறம் மண்ணில் இறக்கிவிடும். பெண்ணுக்குப் பூவை எட்ட வேறு வழி இல்லை.

ஆர்க்கிட் நுழைவது இங்கேதான். ஆஸ்திரேலியாவின் கைலோகுளோட்டிஸ் ஆர்க்கிட் ஒன்று, நியோசெலிபோரியா என்ற குளவியின் பெண் விடும் அதே வேதிப்பொருளைத் தானும் விடுகிறது. 2003-இல் அதைப் பிரித்தெடுத்து, கைலோகுளோட்டோன் என்று பெயர் வைத்தார்கள். பெண்ணிடமும் பூவிடமும் இருப்பது ஒரே பொருள்தான். மேற்கு ஆஸ்திரேலியாவின் டிரேக்கியா என்ற சுத்தியல் ஆர்க்கிட் இன்னும் ஒரு படி மேலே போகிறது: அதன் இதழ் ஒன்று கீல் வைத்தது போல் ஆடும், நுனியில் பெண் குளவி வடிவத்தில் ஒரு திரட்சி. ஆண் அதைத் தூக்கிக்கொண்டு பறக்கப் பார்க்கும். பறக்கும் வேகம் கீலைத் திருப்பி, ஆணைக் கொண்டுபோய் மகரந்தத்தின்மேல் மோதவைக்கும். இணையைத் தூக்கிப் பறக்கும் பழக்கம் இல்லாத குளவியிடம் இந்த ஏற்பாடு பலிக்காது.

ஸ்கோலியிடேயும் தப்பவில்லை. அல்ஜீரியாவில் நீதிபதியாக இருந்த பூயான், ஓஃப்ரிஸ் ஆர்க்கிடோடு டாசிஸ்கோலியா ஆண்கள் இணைசேர முயல்வதைப் பார்த்து 1916-இல் வெளியிட்டார். இரண்டு கண்டங்கள், நெருங்கிய உறவில்லாத இரண்டு குளவிக் குடும்பங்கள். மயக்கும் வேதிப்பொருளும் வேறு வேறு.

படம் எடுத்து அனுப்பினால் எந்தக் குடும்பம் என்று சொல்வீர்களா?
— கல்லூரி மாணவர், திருநெல்வேலி

சொல்கிறேன், ஆனால் படத்தில் சில இடங்கள் தெளிவாக விழ வேண்டும். முதலில் இறக்கை நுனி. ஸ்கோலியிடே என்றால் நரம்புகள் ஓரம் வரை போகாமல் நின்றுவிடும், அதற்கு அப்பால் நுனி முழுக்க நெருக்கமான நீளச் சுருக்கங்கள் தெரியும். வெயில் சாய்வாகப் படும்போது எடுத்தால் நன்றாக விழும். கண்ணின் உள்விளிம்பில் ஒரு வெட்டு இருக்கிறதா என்று பார்க்க முகத்தையும் எடு. டிஃபியா பெரும்பாலும் சிறியது, மினுங்கும் கறுப்பு, கால் குட்டை. இறக்கையில்லாத பெண்ணாக இருந்தால் பக்கவாட்டில் ஒரு படம், மேலிருந்து ஒரு படம் வேண்டும்.

எந்தப் பூ, எந்த ஊர், எந்த மாதம் என்பதைப் படத்தோடு எழுது. இணைசேர்ந்த சோடி கிடைத்தால் கலைக்காமல் எடுத்து, இரண்டும் ஒரே படத்தில் விழும்படி பார்த்துக்கொள்.